பழையதும் பரக்கத்தும்: கடன் இல்லாமல் வீட்டை அழகாக்குவோம்



நம் பகுதியில் நிக்காஹ் முடிந்த வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி இது. பெண் வீட்டார் கடன் வாங்கிச் சீராகக் கொடுத்த பீரோவும், தவணையில் எடுத்த சோபாவும் ஹாலில் நிற்கும். முதல் மழைக்காலம் முடியும்போது பீரோவின் அடிப்பலகை தண்ணீர் குடித்து உப்பியிருக்கும். கதவு சாத்தாது. சோபாவின் பின்பக்கம் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். தவணை மட்டும் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கும். அதே வீட்டின் பரணில் நன்னிமா காலத்துத் தேக்குப் பெட்டி ஒன்று, ஒரு கீறலும் இல்லாமல் துணி மூட்டைகளுக்குக் கீழே கிடக்கும்.

வீட்டை அழகாக வைத்துக்கொள்வது மார்க்கம் தடுத்த காரியம் அல்ல. அதற்காக வட்டியில் விழுவதும், பிறர் பார்க்க வேண்டும் என்று செலவழிப்பதும்தான் நம்மைக் கெடுக்கின்றன. பழைய பொருட்களையும் சிறிய செலவில் கிடைப்பவற்றையும் கொண்டு நம் மலைப்பகுதிக்கு ஏற்றபடி ஒரு வீட்டை எப்படி அமைக்கலாம், அதில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கிழிந்த திரையும் இரண்டு தலையணைகளும்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் உருவப்படங்கள் உள்ள ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பாமல் கிழித்தார்கள். அந்தத் துணியை அன்னையவர்கள் எறிந்துவிடவில்லை. அதிலிருந்து இரண்டு தலையணைகளைச் செய்தார்கள். அவற்றில் நபி (ஸல்) அவர்கள் அமர்வார்கள் என்று ஸஹீஹ் புகாரியில் வருகிறது. வீட்டில் எதை மாட்டக்கூடாது என்பதோடு, ஒரு பொருள் ஒரு வேலைக்கு ஆகவில்லை என்றால் வேறு வேலைக்கு ஆக்கலாம் என்பதும் இந்த ஒரு செய்தியில் நமக்குக் கிடைக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், தம் ஆடையின் கிழிசலைத் தாமே சரிசெய்தார்கள் என்றும் ஹதீஸ்களில் காண்கிறோம். கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று போதும், நான்காவது ஷைத்தானுக்கு உரியது என்ற கருத்தில் வரும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. புதிதாக எதையும் வாங்கும் முன் 'இது யாருக்கு?' என்று கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

தவணைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 40,000 ரூபாய் சோபாவுக்கு மாதம் 2,000 வீதம் 24 மாதம் கட்டினால் 48,000 ஆகிறது. கூடுதலான 8,000 கடனுக்கான வட்டி. 'வட்டியே இல்லை' என்று சொல்லும் தவணைகளிலும் தனிக் கட்டணமும், தேதி தவறினால் அபராதமும் இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் தாளை முழுதாகப் படித்து, உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் மலையில் பழைய மரம் ஏன் நிற்கிறது?

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸைக் கட்டத் தொடங்கியது 1822-இல். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. பின்னர் ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகர் ஆனது. பங்களாக்களும் தேயிலைத் தோட்ட வீடுகளும் பெருகின. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899-இல்தான். ஊட்டிக்கு வந்தது 1908-இல். அதற்கு முன் கனமான சாமான்களை மாட்டு வண்டியில்தான் மேலே ஏற்ற வேண்டும். தேக்குக்கும் ஈட்டிக்கும் நம் சுற்றுவட்டாரத்திலேயே குறைவில்லை. கூடலூருக்குக் கீழே நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்து மேஜை, நாற்காலி, அலமாரிகள் முழு மரத்தில் செய்யப்பட்டவை. ஒரு கட்டையின் நாக்கு இன்னொரு கட்டையின் குழிக்குள் இறங்கும்படி மூட்டு போட்டிருப்பார்கள். ஈரத்தில் மரம் சற்று விரியும், வெயிலில் சுருங்கும். ஆனால் மூட்டு விடாது.

இன்று கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகைகள். மேலே மர நிறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதன் விளிம்பு வழியாக ஈரம் ஏறினால் பலகை உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. ஆணியும் பிடிக்காது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழை, இடையில் மூடுபனி என்று ஈரம் நம்மை விடுவதில்லை. சமவெளியில் பத்து வருடம் நிற்கும் பலகை இங்கே மூன்று மழைக்காலம் தாங்கினால் பெரிது. ஆகவே பழைய முழு மரச் சாமானை வாங்கிப் பழுதுபார்ப்பது நமக்குச் சிக்கனமும் கூட.

முதலில் உங்கள் பரணைத் தேடுங்கள்

பழைய பொருள் என்றதும் கடைக்கு ஓட வேண்டாம். பழைய சாமான் வாங்கி விற்கும் கடைக்குத் தமிழில் 'காயலான் கடை' என்று பெயர் வந்ததே, அந்தத் தொழிலில் இருந்த காயல்பட்டினத்து வணிகர்களால்தான் என்று சொல்வார்கள். பழையதன் மதிப்பு அறிந்த சமுதாயம் நாம். பல வீடுகளில் கிடக்கும் பொருட்களையும் அவற்றுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்பதையும் பாருங்கள்.

தேயிலைப் பெட்டி: காகிதச் சாக்குகள் வரும் முன் தேயிலை பிளைவுட் பெட்டிகளில்தான் போனது. உள்ளே ஈயத்தாள் போன்ற பளபளப்புத் தாளும், விளிம்பில் தகரப் பட்டையும் இருக்கும். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் பிள்ளைகளின் புத்தக அலமாரி. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோடு பிணைத்துவிடுங்கள், பிள்ளைகள் இழுத்தால் சாயாது. தகர விளிம்பு கையைக் கிழிக்கும். சுத்தியால் தட்டி மடக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

தேயிலை வேர்: பழைய செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கும் வேர்க்கட்டை மிகவும் உறுதியானது. மேலே கண்ணாடியோ பலகையோ வைத்தால் சிறு மேஜை ஆகிவிடும். சுற்றுலாக் கடையில் இதற்குப் பெரிய விலை. தோட்டத்தில் அனுமதி கேட்டு வாங்கினால் செலவு சுத்தம் செய்யும் கூலிதான்.

பித்தளை, செம்புப் பாத்திரங்கள்: நிக்காஹ் சபையில் பன்னீர் தெளித்த செம்பு, கூஜா, கிண்டி, பெரிய தேக்சா. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் போதும். கூஜாவில் நம் வேலியோரம் பூக்கும் ஹைட்ரேஞ்சியாப் பூக்களை வைத்தால் அறையே மாறிவிடும். சமையலுக்குப் பயன்படுத்துவதென்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளிப்பான எதையும் வைக்காதீர்கள்.

பழைய துணிகள்: நைந்த பருத்திப் புடவைகளை மூன்று நான்கு அடுக்காக வைத்து நேர்த்தையல் போட்டால் குளிருக்கு நல்ல ரஜாய். பழைய கம்பளியைக் கதவுக்கு உள்திரையாகப் போட்டால் மார்கழி, தை மாத உறைபனிக் காற்று தடுபடும்.

பாயும் ஜமக்காளமும்: திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் சமுதாயத்து மக்கள்தான். அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பவானி ஜமக்காளத்துக்கும் அந்தக் குறியீடு உண்டு. ஹாலில் அடியில் ஜமக்காளம், மேலே பாய், சுவரோரம் இரண்டு திண்டு என்று போட்டால் சோபாவை விட அதிகம் பேர் உட்காரலாம். சஹனில் சாப்பிடவும் வசதி. குளிர் மாதங்களில் பாய் கீழும் ஜமக்காளம் மேலுமாக மாற்றிக்கொள்ளலாம். நெசவாளர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

இது யாருடைய பொருள்?

பரணில் இறங்கும் முன் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நன்னிமா வஃபாத்தான பிறகு வீட்டில் கிடக்கும் பெட்டியும் பித்தளையும் வீட்டில் குடியிருப்பவருக்கு மட்டும் சொந்தமல்ல. விட்டுச்சென்றது சொற்பமானாலும் அதிகமானாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது குர்ஆனின் கட்டளை (4:7). கட்டிக்கொடுத்த சகோதரிகளைக் கேட்காமல் பழைய கட்டிலை எடுத்துப் பாலிஷ் போட்டுக்கொள்வதும், பித்தளையை எடைக்குப் போடுவதும் அவர்கள் ஹக்கில் கைவைப்பதாகும். 'பழைய சாமான்தானே' என்று நாம் நினைப்பது அவர்களுக்கு உம்மாவின் நினைவாக இருக்கலாம். ஒரு நாள் எல்லோரையும் அழைத்துப் பட்டியல் போட்டுப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மனம் ஒப்பிக் கொடுத்தால் அதில் பரக்கத் இருக்கும்.

பள்ளிவாசலின் பழைய விளக்கு, கடிகாரம், பாய் ஆகியவை வக்ஃபு. நிர்வாகம் முறைப்படி கணக்கில் வைத்து விற்றால் விலை கொடுத்து வாங்கலாம். 'சும்மா கிடக்கிறது' என்று எடுத்து வரக்கூடாது.

அதேபோல் அரபுத்தமிழ் கிதாபுகளோ கையெழுத்துச் சுவடிகளோ கிடைத்தால் அலங்காரத்துக்குப் பிரித்துச் சட்டம் போட்டுவிடாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். 75 ஆண்டுகளைத் தாண்டிய மதிப்புள்ள சுவடிகளைத் தொல்பொருளாகவே 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. ஈரமில்லாத இடத்தில், பருத்தித் துணியில் சுற்றி வைத்து, ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள்.

வெளியில் வாங்கும்போது

பங்களாக்களைக் காலி செய்யும்போதும், வீடு மாறிப் போகிறவர்கள் விற்கும்போதும் நல்ல சாமான்கள் கிடைக்கும். வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

விற்பவர் யார், பொருள் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பாதி விலைக்கும் கீழே, ரசீது இல்லாமல், அவசரமாகத் தள்ளிவிடப் பார்த்தால் விலகிவிடுங்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்து வாங்குவது சட்டப்படியும் மார்க்கப்படியும் குற்றம்.

மரத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்து, கீழே புதிய மாவு போல் தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்த ஒரு சாமான் வீட்டுக் கூரை மரத்தையும் கெடுத்துவிடும். பழைய மெத்தை, பஞ்சுத் தலையணை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், மூட்டைப்பூச்சி கூடவே வரும்.

காட்டெருமைத் தலை, மான் கொம்பு, புலித்தோல், தந்தப் பிடி ஆகியவை பழைய பங்களாக்களில் இருந்தவைதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் மான் கொம்பையும் எடுத்து வந்து மாட்டக்கூடாது. பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

உருவச் சிலைகள், உருவப்படத் தட்டுகள் நம் வீட்டுக்கு வேண்டாம். வெள்ளிப் பாத்திரங்களில் உண்ணுவதும் பருகுவதும் நமக்குத் தடை. பங்களாச் சாமான்களில் வெள்ளி முலாம் பூசியவை நிறைய வரும். அவற்றின் சட்டத்தை ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்தக் காலத்து வெளிநாட்டுத் தோல் பெட்டிகளில் பன்றித்தோலும் உண்டு. தோலின் மேல் முடித்துளைகள் மும்மூன்றாகக் கூட்டமாகத் தெரிந்தால் அது பன்றித்தோலாக இருக்கக்கூடும். பீங்கான் தட்டு, கோப்பைகளை நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். விரிசல் விழுந்தவற்றைச் செடிக்கு அடித்தட்டாக வையுங்கள்.

பழுதுபார்க்கும் முறை

பூஞ்சணம் பிடித்த மரத்தை முதலில் சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். நேர் வெயிலில் போட்டால் மரம் வெடிக்கும். பிறகு உப்புத்தாளால் மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். கடைசியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லத் துணியால் பூசினால் மரத்தின் நிறம் எழுந்து வரும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போட்டு அப்புறப்படுத்துங்கள்.

பழைய பெயிண்ட் அடித்த சாமான்களைத் தேய்க்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் என்று கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அந்தத் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. வெளியில் வைத்து, நீர் தெளித்து, ஈர உப்புத்தாளால், முகக்கவசத்தோடு செய்யுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் பழைய பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிது அடித்துவிடுங்கள்.

பூச்சி அரித்த பழைய துளைகளில் ஊசி மூலம் மரப்பூச்சி மருந்தைச் செலுத்தி, மெழுகால் அடைக்கலாம். பிரம்புப் பின்னல் அறுந்த நாற்காலியை எறிய வேண்டாம். சட்டம் நன்றாக இருந்தால் ஒயரால் பின்னிக்கொள்ளலாம். நம் சகோதரிகளில் ஒயர் கூடை பின்னத் தெரிந்தவர்களுக்கு இது எளிது, கூலியும் அவர்களுக்கே போகும்.

வைக்கும் இடம்தான் அழகு

பீரோவையும் கட்டிலையும் சுவரோடு ஒட்டாமல் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். காற்று போனால் பூஞ்சணம் பிடிக்காது. அலமாரிக்குள் ஒரு துணிப்பையில் அடுப்புக்கரித் துண்டுகளை வைத்தால் ஈர வாடை குறையும். மூடுபனி நாட்களில் அறை இருண்டிருக்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பழைய நிலைக்கண்ணாடியை மாட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். தொழும் திசையில் மட்டும் மாட்ட வேண்டாம். நமக்கு கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கு. அந்தச் சுவரை வெறுமையாக விட்டு, கீழே ஒரு பாய், ஓரத்தில் ஒரு பழைய பெட்டியின் மேல் குர்ஆன் ரைஹால் வைத்தால் அதுவே வீட்டின் மிக அழகான மூலை. எண்ணெய் டின்களைக் கழுவி, அடியில் துளையிட்டு ஜெரேனியம் வையுங்கள். நம் குளிரில் அது வருடம் முழுதும் பூக்கும்.

கடைசியாக ஓர் உயிர் எச்சரிக்கை. பழைய இரும்புக் கணப்புச் சட்டிகள் பார்க்க அழகாக இருக்கும். பூந்தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி மூட்டித் தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நம் மலையில் இப்படிப் போன உயிர்கள் உண்டு. பங்களாவில் கணப்பு இருந்தது என்றால் அதற்கு மேலே புகைபோக்கியும் இருந்தது.

நமக்கு வேண்டாதது பிறருக்கு

ஒழுங்கு செய்யும்போது நம் தேவைக்கு மேற்பட்டவை வெளியே வரும். உடைந்ததையும் கிழிந்ததையும் 'ஏழைகளுக்கு' என்று தள்ளிவிடுவது ஸதகா ஆகாது. நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்ற தரத்தில் உள்ளதைக் கொடுக்கத் தேடாதீர்கள் என்பது குர்ஆனின் போதனை (2:267). காலை ஒட்டி, பாலிஷ் போட்டு, துடைத்துக் கொடுங்கள். தோட்ட லைன் வீடுகளில் பிள்ளைகள் தரையில் குனிந்து படிக்கிறார்கள். நம் வீட்டில் துணி போடும் இடமாகிவிட்ட ஒரு மேஜை அங்கே ஒரு மாணவியின் படிப்பு மேஜை ஆகலாம்.

நிக்காஹ் பேசும் வீட்டார் இன்னும் ஒரு படி மேலே போகலாம். 'கட்டில், பீரோ வேண்டாம், எங்கள் வீட்டில் இருப்பதைச் சரிசெய்து கொள்கிறோம்' என்று மாப்பிள்ளை வீட்டார் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டால், ஒரு தகப்பனாரின் தலையிலிருந்து பல வருடக் கடன் இறங்கும். புதுத் தம்பதியருக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

அல்லாஹ் நம் இல்லங்களை வட்டியிலிருந்தும் வீண்விரயத்திலிருந்தும் காத்து, ஸக்கீனத்தும் பரக்கத்தும் நிறைந்தவையாக ஆக்குவானாக. ஆமீன்.